தமிழ் வழியே ஸ்பானிய மொழி: இலக்கணமும் சொல் தேர்வும்

ஸ்பானிய மொழி (எசுப்பானியம்) இலத்தீனிலிருந்து கிளைத்த ரோமானிய மொழிகளுள் ஒன்று. ஸ்பெயின், மெக்ஸிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா, பெரு உள்ளிட்ட 20 நாடுகளில் இது அலுவல் மொழியாக உள்ளது. ஐக்கிய நாடுகள் அவையின் 6 அலுவல் மொழிகளில் ஒன்றாகவும் விளங்குகிறது. இதன் இலக்கணத்தை அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் அறிஞர் 1492-இல் அச்சில் வெளியிட்டார். இக்கால ஐரோப்பிய மொழி ஒன்றுக்கு அச்சிடப்பட்ட முதல் இலக்கண நூலாக அது கருதப்படுகிறது.

தமிழ்நாட்டில் ஸ்பானியம் கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே கற்கின்றனர். ஆங்கிலப் பாடநூல்கள், ஆங்கிலேயருக்குக் கடினமாகத் தோன்றுவதை விரித்தும் அவர்களுக்கு எளிதாகத் தோன்றுவதைச் சுருக்கியும் எழுதப்பட்டவை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எளிதும் கடினமும் வேறு இடங்களில் உள்ளன. ஸ்பானிய இலக்கணத்தின் பல கூறுகளுக்குத் தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே பெயரே உண்டு. அவற்றைத் தமிழோடு ஒப்பிட்டுப் படித்தால், தமிழில் இல்லாத கூறுகளுக்கு அதிக நேரம் ஒதுக்கலாம். இக்கட்டுரை அந்த ஒப்பீட்டைத் தருகிறது.

எடுத்துக்காட்டுகளுக்கு விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டார மாணவர்கள் நன்கறிந்த தீப்பெட்டி, பட்டாசு, நாட்காட்டி, மிளகாய், நிலக்கடலை ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒரே பொருளுக்கு நாட்டுக்கு நாடு சொல் மாறுவதை இப்பொருள்களே நன்கு காட்டுகின்றன.

எழுத்தும் ஒலியும்

ஸ்பானியம் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கப்படும் மொழி. அதன் உயிர் ஒலிகள் ஐந்து: அ, எ, இ, ஒ, உ. தமிழில் உள்ளதுபோல் குறில், நெடில் வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை.

சில ஒலிகள் தமிழருக்குக் கூடுதல் வசதி தருபவை.

- ஸ்பானியத்தின் 'த' ஒலி, தமிழ்த் தகரம்போல் நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பது. ஆங்கிலேயர் இதை 'ட' போல ஒலித்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். தமிழருக்கு அந்தச் சிக்கல் இல்லை.
- உயிர் ஒலிகளுக்கு இடையே வரும் வல்லொலி மென்மையாகும். 'அது' என்ற சொல்லில் தகரம் குழைவதுபோலவே ஸ்பானியத்திலும் இரு உயிர்களுக்கு நடுவே 'த' குழையும்.
- ரகரம், றகரம் என இரண்டு ஒலிகள் உண்டு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் 'நாய்'. அரை, அறை என்ற சொற்களின் வேறுபாடு போன்றது இது. இன்று பெரும்பாலான மாவட்டங்களின் பேச்சில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டப் பேச்சிலும் மலையாளத்திலும் அது கேட்கிறது. ஸ்பானியத்தில் சொல்லின் முதலில் வருவது எப்போதும் றகரமே.
- தமிழின் ஞகரத்துக்கு நிகரான எழுத்து ஸ்பானியத்தில் உண்டு. அதன் பெயர் 'எஞே'. னகர ஒலிக்குரிய உரோமன் எழுத்தின் தலையில் சிறு அலைக்கோடு இட்டு இதை எழுதுவர்.

அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் இந்த அலைக்கோட்டைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 'ஆஞோ' என்றால் ஆண்டு. அலைக்கோடு விடுபட்டால் அச்சொல் 'ஆனோ' ஆகிவிடும். அதன் பொருள் மலவாய். நாட்காட்டி அச்சுக்குப் பெயர்பெற்ற சிவகாசியில் ஒருவர் ஸ்பானிய மொழியில் 'ஃபெலிஸ் ஆஞோ நுவேபோ' (இனிய புத்தாண்டு) என்று அச்சிட நேர்ந்தால், ஒரு கோடு விடுபடுவதால் வாழ்த்து முழுவதும் நகைப்புக்கு இடமாகும்.

எழுத்தின் மேல் இடப்படும் சாய்கோடு, எந்த அசையை அழுத்தி ஒலிக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. 'ஆப்லோ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்திச் சாய்கோடும் இட்டால் 'அவர் பேசினார்'. ஒரு கோட்டால் இடமும் காலமும் மாறிவிடுகின்றன. கேள்விக்குறியும் வியப்புக்குறியும் வாக்கியத்தின் முடிவில் மட்டுமன்றித் தொடக்கத்திலும் தலைகீழாக இடப்படும்.

தமிழோடு ஒத்துப்போகும் கூறுகள்

*தோன்றா எழுவாய்.* 'வந்தேன்' என்றால் வந்தவர் 'நான்' என்பதை விகுதியே காட்டிவிடுகிறது. ஸ்பானியமும் அப்படியே. 'ஆப்லோ' (பேசுகிறேன்), 'ஆப்லாஸ்' (பேசுகிறாய்), 'ஆப்லாமோஸ்' (பேசுகிறோம்) என்று வினைமுற்றின் விகுதி இடத்தையும் எண்ணையும் உணர்த்தும். ஆங்கில வழியில் கற்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான்' என்பதற்குரிய 'யோ' என்ற சொல்லைச் சேர்க்கும் பழக்கத்துக்கு ஆளாகின்றனர். தமிழில் எங்கே 'நான்' தேவையில்லையோ, அநேகமாக அங்கெல்லாம் ஸ்பானியத்திலும் தேவையில்லை. ஸ்பானிய வினைமுற்று ஆண்பால், பெண்பால் காட்டுவதில்லை. அந்த அளவில் அது தமிழைவிட எளிது.

*'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள்.* 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதில் மாம்பழமே எழுவாய். விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஸ்பானியத்திலும் 'மே குஸ்தா எல் மாங்கோ' என்பதில் 'மே' என்றால் 'எனக்கு'. ஆங்கிலேயருக்குப் பல வாரப் பயிற்சி தேவைப்படும் அமைப்பு இது; தமிழர் தினமும் பேசுவது. 'மே துவேலே லா கபேஸா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதேதான்.

இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. பிடித்த பொருள் பன்மையானால் ஸ்பானிய வினையும் பன்மையாகும்: 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. அடுத்து, பசி, தாகம், வயது ஆகியவற்றை ஸ்பானியர் 'உடைமை' வினையால் கூறுவர். 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'பசியை உடையேன்' என்பர்.

*உயர்திணைச் செயப்படுபொருள்.* 'வீடு தேடுகிறேன்' என்று ஐ உருபு இல்லாமல் சொல்லலாம். 'அண்ணனைத் தேடுகிறேன்' என்பதில் உருபை விட முடியாது; விட்டால் தேடுகிறவர் அண்ணன் என்ற மயக்கம் வரும். ஸ்பானியத்தில் இதே முறை உண்டு. 'புஸ்கோ காஸா' (வீடு தேடுகிறேன்) என்பதில் உருபில்லை. 'புஸ்கோ ஆ மி எர்மானோ' (என் சகோதரனைத் தேடுகிறேன்) என்பதில் 'ஆ' என்ற இடைச்சொல் கட்டாயம் வரும்.

ஒப்புமை இத்துடன் முடியவில்லை. குறிப்பிட்ட ஒருவரை எண்ணாமல் 'கணக்குப்பிள்ளை தேடுகிறோம்' என்று விளம்பரம் செய்யும்போது தமிழில் ஐ உருபு வருவதில்லை. ஸ்பானிய விளம்பரத்திலும் அந்த 'ஆ' வருவதில்லை. இதை ஆங்கிலப் பாடநூல்கள் நீண்ட விதியாக விளக்கும். தமிழர் 'இங்கே ஐ உருபு கட்டாயமா?' என்று தமக்குள் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் சரியான விடை கிடைத்துவிடும்.

*உண்டு.* ஒருமை, பன்மை எதற்கும் மாறாமல் நிற்பது 'உண்டு' என்ற குறிப்பு வினைமுற்று. ஸ்பானியத்தின் 'ஆய்' என்ற சொல் இதற்கு நிகரானது. 'ஆய் ஆகுவா' (தண்ணீர் உண்டு), 'ஆய் காஹாஸ்' (பெட்டிகள் உண்டு) என இரண்டிலும் அது மாறுவதில்லை.

*நீயும் நீங்களும்.* நெருக்கமானவரை 'தூ' என்றும் மதிப்புக்குரியவரை 'உஸ்தேத்' என்றும் அழைப்பர். 'உஸ்தேத்' என்பது 'தங்கள் கருணை' என்ற பொருளுடைய பழைய மரியாதைத் தொடரிலிருந்து சுருங்கி வந்தது. எதிரில் இருப்பவரைக் குறித்தாலும் அது படர்க்கை வினையையே கொள்ளும். படர்க்கைக்குரிய 'தாம்' என்பதன் வழிவந்த 'தாங்கள்' தமிழில் முன்னிலை மரியாதைச் சொல்லானதை இதனோடு ஒப்பிடலாம். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் 'தூ' என்பதற்குப் பதில் 'போஸ்' என்பர். பலரை அழைக்கும்போது லத்தீன் அமெரிக்கா முழுவதும் 'உஸ்தேதெஸ்' போதும். ஸ்பெயினில் நெருக்கமான பலருக்கு 'போஸோத்ரோஸ்' என்ற தனிச்சொல் உண்டு.

*எதிர்மறை ஏவல்.* 'பற்றவை' என்பதன் எதிர்மறை 'பற்றவைக்காதே'. வினையே வேறு வடிவம் கொள்கிறது. ஸ்பானியத்திலும் 'என்ஸியெந்தே' (பற்றவை) என்பது 'நோ என்ஸியெந்தாஸ்' (பற்றவைக்காதே) என்று வடிவம் மாறும். வெறும் 'நோ' சேர்த்தால் போதாது.

ஓரளவே ஒத்துப்போகும் கூறுகள்

*இரண்டு 'இருத்தல்' வினைகள்.* 'ஸெர்', 'எஸ்தார்' என்ற இரு வினைகளைப் பிரித்தறிவது ஸ்பானியம் கற்போர் அனைவருக்கும் பெரிய தடை. தமிழ் இதற்கு ஒரு முதற்படி தருகிறது. 'அவர் ஆசிரியர்' என்பதில் வினையே இல்லை. பெயர்ப் பயனிலைதான் உள்ளது. இத்தகைய இடங்களில் ஸ்பானியம் 'ஸெர்' வினையைப் பயன்படுத்தும்: 'எஸ் மாயெஸ்த்ரோ'. 'அவர் பள்ளியில் இருக்கிறார்' என்று 'இரு' வினை வரும் இடங்களில் 'எஸ்தார்' வரும்: 'எஸ்தா என் லா எஸ்குவேலா'. ஒரே சொல் இரு வினைகளோடு சேர்ந்து இரு பொருள் தருவதும் உண்டு. 'எஸ் லிஸ்தோ' என்றால் புத்திசாலி. 'எஸ்தா லிஸ்தோ' என்றால் ஆயத்தமாக இருக்கிறார்.

இந்த முதற்படி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்று தமிழில் சொன்னாலும் உயரம் நிலையான தன்மை ஆதலால் ஸ்பானியத்தில் 'ஸெர்' வரும். ஒரு கூட்டம் எங்கே நடக்கிறது என்பதற்கும் 'ஸெர்' வரும். 'இறந்துவிட்டார்' என்பது மாறாத நிலையே ஆயினும், ஒரு மாற்றத்தின் விளைவு ஆதலால் 'எஸ்தார்' வரும்.

*இரண்டு இறந்தகாலங்கள்.* முடிந்துபோன செயலுக்கு ஒரு வடிவமும், நடந்துகொண்டிருந்த அல்லது வழக்கமாக நடந்த செயலுக்கு வேறொரு வடிவமும் உண்டு. 'யோபீயா குவாந்தோ யெகே' என்றால் 'நான் வந்து சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது'. 'யெகே' (வந்து சேர்ந்தேன்) முடிந்த செயல். 'யோபீயா' தொடர்ந்த செயல். தமிழில் பழைய வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவம் உதவுகிறது: 'சிறுவயதில் தினமும் கண்மாயில் குளிப்போம்.' இந்தக் 'குளிப்போம்' என்பதை ஸ்பானியத்தில் எதிர்காலமாக மொழிபெயர்த்தால் பிழை. மழை பெய்துகொண்டிருந்ததற்குரிய அதே தொடர் இறந்தகால வடிவமே இதற்கும் வரும்.

தமிழில் இல்லாத கூறுகள்

கற்போர் மிகுந்த உழைப்பைச் செலுத்த வேண்டிய பகுதி இது.

*சொற்களின் பால்.* தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. மேசையும் பெட்டியும் அஃறிணை. அவற்றுக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது. ஸ்பானியத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். 'காஹா' (பெட்டி) பெண்பால். 'பப்பேல்' (தாள்) ஆண்பால். 'ஓ' என முடிபவை பெரும்பாலும் ஆண்பால், 'ஆ' என முடிபவை பெரும்பாலும் பெண்பால். விதிவிலக்குகளும் உண்டு: 'மானோ' (கை) பெண்பால், 'தீயா' (நாள்), 'மாப்பா' (நிலப்படம்), 'ப்ரோப்லேமா' (சிக்கல்) ஆகியவை ஆண்பால். சில சொற்களில் பால் மாறினால் பொருளே மாறும். 'எல் கொமேத்தா' வால்நட்சத்திரம். 'லா கொமேத்தா' சிறுவர் விடும் காற்றாடி.

பெயரடையும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். பெரும்பாலும் பெயருக்குப் பின்னே நிற்கும். 'சிவப்புப் பெட்டி' என்பது 'காஹா றோஹா'. 'சிவப்புத் தாள்' என்பது 'பப்பேல் றோஹோ'. 'சிவப்புப் பெட்டிகள்' என்பது 'காஹாஸ் றோஹாஸ்'. எனவே சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், 'எல்' அல்லது 'லா' என்ற சுட்டிடைச்சொல்லோடு சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும்.

*சொல்வரிசை.* தமிழில் வினை இறுதியில் வரும். உருபு பெயருக்குப் பின் வரும். ஸ்பானியத்தில் வினை பெரும்பாலும் நடுவில் வரும். உருபின் வேலையைச் செய்யும் இடைச்சொல் பெயருக்கு முன் வரும். 'தொழிலாளர் குச்சிகளைப் பெட்டியில் அடுக்குகிறார்' என்பது ஸ்பானியத்தில் 'தொழிலாளர், அடுக்குகிறார், குச்சிகளை, இல் பெட்டி' என்ற வரிசையில் அமையும். 'நேற்று வந்த ஆசிரியர்' என்ற பெயரெச்சத் தொடரும் தலைகீழாகி 'ஆசிரியர், யார் வந்தாரோ, நேற்று' என்ற போக்கில் வரும்.

*'போர்', 'பாரா'.* காரணம், வழி, பதிலீடு ஆகியவற்றுக்குப் 'போர்'; நோக்கம், இலக்கு, பெறுபவர் ஆகியவற்றுக்குப் 'பாரா'. 'மழையால் வேலை நின்றது' என்பதில் 'போர்'. 'மழைக்காகக் குடை வாங்கினேன்' என்பதில் 'பாரா'. 'ஆல்' என்றால் 'போர்', 'க்காக' என்றால் 'பாரா' என்று தொடங்கலாம். ஆயினும் ஒருவர் பொருட்டுச் செய்தேன் என்ற கருத்தில் 'உனக்காக' வந்தால் 'போர்' வேண்டும்.

தமிழில் உள்ள சில நுட்பங்கள் ஸ்பானியத்தில் இல்லை. 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் 'நோஸோத்ரோஸ்' என்ற ஒரே சொல்தான். கேட்பவர் உட்பட்டவரா என்பதைச் சூழலால் உணர வேண்டும்.

சொல் தேர்வு

*ஒரு தமிழ்ச் சொல், பல ஸ்பானியச் சொற்கள்.* 'கேள்' என்ற வினை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

- வழி கேட்டான் (வினவுதல்): ப்ரெகுந்தார்
- கடன் கேட்டான் (வேண்டுதல்): பெதீர்
- பாட்டுக் கேட்டான் (செவிகொடுத்தல்): எஸ்குச்சார்
- சத்தம் கேட்டது (காதில் விழுதல்): ஒயீர்

'பெதீர்' வர வேண்டிய இடத்தில் 'ப்ரெகுந்தார்' சொல்வது தமிழரிடம் அடிக்கடி காணப்படும் பிழை. 'தெரியும்' என்பதும் இத்தகையதே. 'எனக்கு நீந்தத் தெரியும்' என்ற அறிவுக்கு 'ஸபேர்'. 'எனக்குச் சாத்தூர் தெரியும்', 'அவரைத் தெரியும்' என்ற பழக்கத்துக்குக் 'கொனொஸேர்'.

*ஒரு பொருள், நாட்டுக்கொரு சொல்.* தீக்குச்சியை ஸ்பெயினில் 'ஸெரியா' என்பர். மெழுகைக் குறிக்கும் 'ஸேரா' என்ற சொல்லிலிருந்து அது பிறந்தது. மெக்ஸிகோவில் அதுவே ஆண்பாலாகி 'ஸெரியோ' ஆகிறது. தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'ஃபோஸ்ஃபோரோ' என்பர். மூன்றும் சரியான சொற்களே. எந்த நாட்டாரிடம் பேசுகிறோம் என்பதே தேர்வை முடிவு செய்யும்.

சாத்தூர், விருதுநகர் வணிகத்தில் இடம்பெறும் மிளகாய்க்கும் இதே நிலை. மெக்ஸிகோவில் 'சீலே', தென் அமெரிக்காவின் பல பகுதிகளில் 'ஆஹீ', ஸ்பெயினில் காரமான சிறு வகைக்குக் 'கிந்தீயா'. நிலக்கடலை ஸ்பெயினில் 'ககவேத்தே', மெக்ஸிகோவில் 'ககவாத்தே', தென் அமெரிக்காவில் 'மனீ'. இவ்விரு பயிர்களும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவியவை. அங்குள்ள பழங்குடி மொழிகளின் சொற்களே ஸ்பானியத்தில் நிலைத்துவிட்டன.

*பட்டாசுச் சொற்கள்.* வாணவேடிக்கை 'ஃபுவேகோஸ் ஆர்த்திஃபிஸியாலேஸ்' எனப்படும். வெடிமருந்து 'போல்போரா', திரி 'மேச்சா', வெடி 'பெத்தார்தோ', மேலே பாயும் வாணம் 'கொயெத்தே', சரவெடி 'த்ராக்கா'. கம்பி மத்தாப்பின் பெயர் 'பெங்காலா'. அது வங்காளத்தின் பெயரிலிருந்து வந்தது. சிவகாசியின் தொழில் முன்னோடிகளான பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழில் கற்கச் சென்றதும் வங்காளத்தின் கல்கத்தாவுக்கே.

ஸ்பானிய உலகிலும் பட்டாசு ஊர்கள் உண்டு. ஸ்பெயினின் வாலென்சியா நகரில் மார்ச் மாதம் நடைபெறும் ஃபாயாஸ் திருவிழாவில் பகல் 2 மணிக்கு வெடி முழக்கம் நிகழும். இத்திருவிழாவை யுனெஸ்கோ 2016-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மெக்ஸிகோவின் துல்தெபெக் நகரம் சிவகாசியைப் போலப் பட்டாசுத் தயாரிப்பையே நம்பி வாழ்வது. அங்குள்ள சான் பப்லித்தோ பட்டாசுச் சந்தையில் 2016 டிசம்பர் 20 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தும் இத்தகைய பெருந்துயரமே.

இத்தொழிலில் சொல் தேர்வு உயிரோடு தொடர்புடையது. பெட்டியின் மேல் அச்சிடும் எச்சரிக்கையை வாசிப்பவர் உடனே புரிந்துகொள்ள வேண்டும். பற்றவைப்பதற்கு 'என்ஸெந்தேர்' எல்லா நாடுகளிலும் விளங்கும். லத்தீன் அமெரிக்கப் பேச்சில் 'ப்ரெந்தேர்' மிகுதி. பொது அறிவிப்புகளில் ஏவல் வடிவத்துக்குப் பதில் வினையின் மூல வடிவமே நிற்கும்: 'நோ தொகார்' (தொடக் கூடாது), 'மந்தெனேர்' (வைத்திருக்கவும்). தமிழில் பொது அறிவிப்புகளுக்கு 'வைக்கவும்', 'தொடக் கூடாது' என்ற வடிவங்கள் வழங்குவது போன்றது இது. செய்தி வாசிப்பவர்கள் 'எக்ஸ்ப்ளோத்தார்' என்ற வினைக்கு 'வெடித்தல்', 'உழைப்பைச் சுரண்டுதல்' என இரு பொருள்கள் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

*இடக்கர்ச் சொற்கள்.* அவையில் சொல்லத் தகாததை மறைத்துக் கூறுவதைத் தமிழ் இலக்கணம் இடக்கரடக்கல் என்கிறது. ஸ்பானியத்தில் ஒரு நாட்டின் இயல்பான சொல் வேறு நாட்டில் இடக்கராக இருக்கும். 'கொஹேர்' என்பதற்கு ஸ்பெயினில் 'எடுத்தல், பிடித்தல்' என்றே பொருள். பேருந்து பிடிப்பதற்கும் அதுவே. மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது பாலியல் வசைச்சொல். அங்கே 'தொமார்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது பாதுகாப்பு; அது ஸ்பெயினிலும் விளங்கும்.

ஏற்கெனவே தெரிந்த சொற்கள்

போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள் சில ஸ்பானியத்திலும் உறவுச் சொற்களாக உள்ளன. மேசை 'மேஸா', அலமாரி 'அர்மாரியோ', கொய்யா 'குவயாபா', இலங்கைத் தமிழில் வழங்கும் சப்பாத்து 'ஸபாத்தோ'. எல்லாச் சொற்களும் இப்படிப் பொருந்துவதில்லை. ஜன்னலுக்கு ஸ்பானியத்தில் 'பெந்தானா' என்ற வேறு சொல்லே உண்டு. இங்கிருந்து போன சொற்களும் சில: கட்டுமரம் 'கத்தமரான்' ஆனது, 'மாங்கோ' என்ற பெயரின் மூலம் தென்னிந்தியாவின் மாங்காய்.

பயிலும் முறை

- வாக்கியத்தை ஆங்கிலத்தில் எண்ணாமல் தமிழில் எண்ணிப் பார்க்க வேண்டும். 'எனக்கு', 'உண்டு', ஐ உருபு, தோன்றா எழுவாய் ஆகிய இடங்களில் தமிழே வழிகாட்டும்.
- பெயர்ச்சொற்களை 'எல்', 'லா' சேர்த்து ஏட்டில் எழுதிவர வேண்டும். தமிழ் இங்கே உதவாது, பழக்கமே உதவும்.
- ஒரு நாட்டின் வழக்கைத் தேர்ந்துகொண்டு அதில் நிலைபெற்ற பின் பிற வழக்குகளை அறிவது நல்லது.
- ஐயம் எழும் சொல்லை 1713-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரசக் கல்விக்கழகத்தின் இணைய அகராதியில் பார்க்கலாம். கட்டணம் இல்லை. ஒரு சொல் எந்த நாட்டில் எப்பொருளில் வழங்குகிறது என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.
- முறையான தேர்ச்சிச் சான்றிதழுக்கு 'தெலே' என்ற தேர்வு உண்டு. ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் இதை நடத்துகிறது. அதன் மையம் ஒன்று புது தில்லியில் உள்ளது.